நோய்க்கு வைத்த பெயர்



நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருப்பவருக்கு எழுத்துச் சுருக்கங்களைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. காலையில் எஸ்.ஜே.கே.(தி) என்ற பலகையின் கீழ் நுழைகிறோம். வருகைப் பதிவேட்டைத் திறந்தால் பெயருக்குப் பெயர் நடுவே ஏ/எல் அல்லது ஏ/பி நிற்கிறது. 2021ஆம் ஆண்டில் நீக்கப்படும்வரை யு.பி.எஸ்.ஆர். என்ற நான்கு எழுத்துகள் ஆறாம் ஆண்டு மாணவர்களின் உறக்கத்தைக் கெடுத்துக் கொண்டிருந்தன. காய்ச்சலில் வராத மாணவன் மறுநாள் ‘எம்.சி.’ கொண்டு வருகிறான். அதன் விரிவு என்ன என்று ஒருமுறை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கேட்டேன். “பள்ளிக்கு வராமல் இருப்பதற்கான தாள், ஐயா” என்றான் ஒருவன். அகராதியில்கூட இத்தனை தெளிவான விளக்கம் கிடைக்காது!

இன்று எழுத விரும்புவது பள்ளிச் சுருக்கங்களைப் பற்றியன்று. மருத்துவமனைச் சுருக்கங்களையும், மருத்துவர்களின் பெயரைத் தாங்கி நிற்கும் நோய்ப் பெயர்களையும் பற்றியது. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தோட்டப்புறத்தில் முன்பு தந்தி வந்தாலும், ஊரிலிருந்து கடிதம் வந்தாலும், ஆசிரியரிடம் கொண்டு வந்து படிக்கச் சொல்வார்கள். தந்தியும் போயிற்று, கடிதமும் போயிற்று. மருத்துவமனைத் தாள் மட்டும் இன்றும் ஆசிரியரைத் தேடி வருகிறது. பிள்ளையை அழைத்துப் போக வரும் பெற்றோர், கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, “சார், இதுல என்ன எழுதியிருக்கு?” என்று நீட்டுவார்கள். அவர்கள் நோய்க்கு மருந்து கேட்பதில்லை. பொருள்தான் கேட்கிறார்கள். பொருள் சொல்வது நம் தொழில் அல்லவா?

அந்தத் தாள்களில் அடிக்கடி காணக்கூடியது ‘டி.சி.ஏ.’ என்பது. ‘மீண்டும் வருக’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பக்கத்தில் ஒரு தேதி இருக்கும். நம் நாட்டு மருத்துவமனைகளில் பழகியவருக்கு இதில் ஐயம் எழாது. ஆனால் வேறு நாட்டு மருத்துவர் ஒருவரிடம் அதே மூன்று எழுத்துகளைக் காட்டினால், மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் ஒருவகை மாத்திரையை அவர் நினைக்கக்கூடும். ‘கே.ஐ.வி.’ என்பது இன்னொன்று. கவனத்தில் வைத்திருப்போம் என்று பொருள். பள்ளிக் கூட்டங்களிலும் இது புழங்குகிறது. நம் கோரிக்கையைத் தலைமையாசிரியர் ‘கே.ஐ.வி.’ என்று குறித்துக் கொண்டால் அதன் கதி என்னவாகும் என்பதை ஆசிரிய நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மருத்துவமனையில் அப்படியன்று, அங்கே அது உண்மையாகவே ஒரு சோதனையோ அறுவையோ தேவைப்படலாம் என்று பொருள்படும். ‘ஏ.ஓ.ஆர்.’ என்பதைக் கண்டால் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும், விளைவுக்கு நானே பொறுப்பு என்று கையொப்பமிட்டு வீட்டுக்குப் போவது அது. தீபாவளிக்கு முதல்நாள் நம்மவர் பலர் விரிவு தெரியாமலேயே அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

‘டி.எம்.’ என்று இருந்தால் நீரிழிவு நோய். இந்த இரண்டு எழுத்துகளுக்குள் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. முதற்சொல்லான ‘டயபெட்டீஸ்’ கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ஊடே வழிந்து போவது என்று பொருள். இரண்டாம் சொல்லான ‘மெல்லிட்டஸ்’ இலத்தீன். தேனின் இனிமையுடையது என்று பொருள். தமிழில் நீரிழிவு என்கிறோம். இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். அருவி மலையிலிருந்து இழிகிறது என்று இலக்கியத்தில் படிக்கிறோமே, அந்த இழிதல்தான். ஆக, நம் சொல் கிரேக்கன் கண்டதையே கண்டிருக்கிறது. மலாய்க்காரர் ‘கென்சிங் மானிஸ்’ என்கிறார்கள், இனிப்பான சிறுநீர். நம் நாட்டுத் தமிழர் பேச்சில் வழங்கும் ‘இனிப்பு நீர்’ என்பதும் அதுவே. இலத்தீன் கண்டதை இவை கண்டிருக்கின்றன. நான்கு மொழியினர் ஒரே நோயை இப்படி இரண்டு பக்கத்திலிருந்து பிடித்திருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது, வீட்டில் பாட்டிக்கு ஊசி போட்டுவிடும் ஒரு மாணவி குறிப்பேட்டை எடுத்து எழுதிக் கொண்டாள்.

மருந்துச் சீட்டின் சுருக்கங்கள் பெரும்பாலும் இலத்தீன். ‘பி.டி.’ என்றால் நாளுக்கு இருமுறை; ‘டி.டி.எஸ்.’ என்றால் மும்முறை, ‘ஓ.என்.’ என்றால் இரவில், ‘பி.ஆர்.என்.’ என்றால் தேவைப்படும்போது. உலகில் எவருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒரு மொழி இன்னும் நம் மாத்திரை உறைகளுக்குப் பின்னால் ஆட்சி செய்து கொண்டிருக்கிறது. அரசு மருந்தகங்களில் உறையின்மேல் மலாயில் விரித்து அச்சிட்டுத் தருவதால் நோயாளிக்குத் தொல்லையில்லை. தொல்லை, எழுதும் மருத்துவருக்கும் படிக்கும் மருந்தாளருக்கும் இடையில்தான். ‘ஓ.டி.’ என்பதை எடுத்துக் கொள்வோம். நாளுக்கு ஒருமுறை என்பது ஒரு பொருள். கண் மருத்துவருக்கு அது வலக்கண். அவசரப் பிரிவில் அதுவே அளவு மீறி மருந்து உட்கொண்ட நிலை!

கையெழுத்தைப் பற்றி ஆசிரியர் பேசினால் மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். அவர்களுக்காகவே இந்த எடுத்துக்காட்டை வைத்திருக்கிறேன். இன்சுலின் போன்ற மருந்துகள் ‘யூனிட்’ கணக்கில் கொடுக்கப்படுகின்றன. அச்சொல்லைச் சுருக்கி ‘யூ’ என்ற ஓர் ஆங்கில எழுத்தாக எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுவது வழக்கமாக இருந்தது. வேகமாக எழுதும்போது அந்த எழுத்தின் மேல்வாய் மூடிக்கொண்டால் அது சுழியாகிவிடும். 10 யூனிட் 100 ஆகிவிடும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ‘ஜாயின்ட் கமிஷன்’ என்ற அமைப்பு, 2004ஆம் ஆண்டில், எழுதக்கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியலையே நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அதில் இந்த ‘யூ’ இருக்கிறது. முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் இடக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. புள்ளி மங்கினால் 1.0 பத்தாகிவிடும் அல்லவா? புள்ளிக்கு முன்னால் சுழி இல்லாமல் எழுதக்கூடாது என்பதும் உண்டு. எழுத்துக்குத் தலையும் வாலும் எத்தனை முக்கியம் என்று சொல்ல இதைவிட வேறு பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

சுருக்கம் எழுதுவது நேரத்தை மிச்சப்படுத்த மட்டுமன்று. மறைப்பதற்கும் பயன்படுகிறது. இந்திய மருத்துவர்கள் காசநோய் என்று நோயாளியின் எதிரில் சொல்ல விரும்பாதபோது ‘கோக்ஸ்’ என்பார்கள். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த ஜெர்மானியர் இராபர்ட் கோக்கின் பெயர் அது. ‘எலும்புருக்கி’ என்றால் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ‘கோக்ஸ்’ என்றால் எவருக்கும் புரியாது. அந்த வகையில் அது ஓர் இரக்கம். ஆனால் இரக்கம் எந்த இடத்தில் தீங்காக மாறுகிறது என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே ஒரு சான்று உண்டு.

என் மூத்த அத்தைக்கு மார்பில் ஒரு கட்டி. மருத்துவமனை ஒன்றில் சோதித்தார்கள். அட்டையில் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘சி’யும் சிறிய எழுத்து ‘ஏ’யும் சேர்த்து எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மருத்துவர் சொல்லியிருப்பார் என்று செவிலியர் நினைத்தார். செவிலியர் சொல்லிவிடுவார் என்று மருத்துவர் நினைத்திருக்கலாம். அத்தையிடம் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் அப்போது நான்காம் படிவத்தில் வேதியியல் படித்துக் கொண்டிருந்த அத்தையின் பேரன் அட்டையைப் பார்த்தான். தனிம அட்டவணையில் அந்த இரண்டு எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். “கால்சியம், பாட்டி. உங்களுக்குக் கால்சியம் குறைச்சல்!” என்றான். வீட்டார் நிம்மதியடைந்தார்கள். பால்மாவு வாங்கினார்கள். நெத்திலி தினமும் குழம்பாயிற்று. சாதாரணக் குறைதானே என்று, குறித்த தேதிக்கு அத்தை போகவில்லை; உறவினர் திருமணம் முடிந்து ஆறு வாரம் கழித்துத்தான் போனார். அங்கேதான் ‘கார்சினோமா’ என்ற முழுச்சொல்லும் தெரிந்தது. அந்த ஆறு வாரம் நோயின் போக்கை மாற்றியதா என்பதற்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. பேரன் படித்தது தவறில்லை. அவன் பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அத்தை இருந்தார். அந்த இரண்டு ஆண்டும் அவன் முன்னால் எவரும் பால்மாவு டின்னைப் பற்றிப் பேசியதில்லை.

கார்சினோமாவுக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் நண்டு. கட்டியைச் சுற்றிப் பரவிய நரம்புகளை அவர்கள் நண்டின் கால்களாகக் கண்டார்கள். தமிழர் கறையான் புற்றைக் கண்டார்கள். உள்ளே அரித்துக்கொண்டு வெளியே மேடாக எழும்புவது. தமிழில் நோய்ப் பெயர்கள் பெரும்பாலும் இப்படிக் கண்ணால் கண்டதையும் உடம்பு உணர்ந்ததையும் கொண்டே அமைந்திருக்கின்றன. மாலைக்கண், யானைக்கால், கக்குவான், மஞ்சள் காமாலை என்று அடுக்கிக் கொண்டே போகலாம். பொன்னுக்கு வீங்கி என்ற பெயரைக் கேட்டாலே கழுத்தில் தங்கச் சங்கிலி மாட்டிவிட்ட பாட்டிமார் நினைவுக்கு வருவர். வைத்தியர் பெயர் நோய்க்குப் போகவில்லை, மருந்துக்குப் போயிற்று. அகத்தியர் குழம்பு என்று சித்த மருத்துவத்தில் ஒரு மருந்து உண்டு. அகத்தியர் காய்ச்சல் என்று எவரும் வைக்கவில்லை. தம் பெயரால் மக்கள் குணமடைவதைக் கேட்பதா, நோயுறுவதைக் கேட்பதா, எது ஒரு மருத்துவருக்கு மகிழ்ச்சி தரும் என்று எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மேனாட்டு மருத்துவத்தில் ஒரு பெயர் நோய்க்குப் போகாமல் பிறப்புக்குப் போயிருக்கிறது. நியூயார்க்கில் மயக்க மருந்து வல்லுநராக இருந்த வர்ஜீனியா அப்கார் என்ற அம்மையார், 1952ஆம் ஆண்டில், பிறந்த குழந்தையின் நிலையை ஒரே நிமிடத்தில் மதிப்பிட ஒரு முறை வகுத்தார். மறு ஆண்டு அது அச்சில் வந்தது. ஐந்து கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி, மொத்தம் பத்து. நம் தேர்வுகளைவிட எளிமையான மதிப்பெண் முறை! பின்னர் பட்டர்ஃபீல்டு என்ற மருத்துவர், அம்மையாரின் பெயரிலுள்ள ஐந்து ஆங்கில எழுத்துகளுக்கே அந்த ஐந்து கூறுகளும் பொருந்துமாறு சொற்களை அமைத்துக் காட்டினார். நினைவில் வைக்க நல்ல வழிதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: அப்கார் என்பது வெறும் எழுத்துச் சுருக்கம் என்றே எண்ணிக்கொண்டு வேலை செய்யும் மருத்துவப் பணியாளர் பலர் உண்டாகிவிட்டனர். ஒரு பெண்ணின் பெயர் சுருக்கத்துக்குள் கரைந்து போயிற்று. தமிழில் அந்த ஐந்தையும் நிறம், நாடி, முகச்சுளிப்பு, அசைவு, மூச்சு என்று சொல்லிப் பார்த்தேன். முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘நிநாமுஅமூ’ என்று வருகிறது. பட்டர்ஃபீல்டுக்கு இருந்த நல்வாய்ப்பு நமக்கு இல்லை.

பெயர் மாற்றம் மனிதரை விடுவித்ததும் உண்டு. தொழுநோய்க்குத் தமிழில் முன்பு வழங்கிய பெயர்களை இங்கே எழுத மனமில்லை. அவை வசைச்சொற்களாகவே வாயில் வந்தன. ஆங்கிலத்திலும் அதே நிலை. அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனையின் நோயாளிகள், தாங்களே நடத்திய இதழின் வாயிலாக, எங்கள் நோயை ‘ஹான்சன் நோய்’ என்றே சொல்லுங்கள் என்று விடாமல் கேட்டுவந்தார்கள். ஹான்சன் என்பவர் 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் அந்நோயின் கிருமியைக் கண்டவர். இது சாபமன்று, பரம்பரைப் பழியன்று, கிருமியால் வருவது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. நம் சுங்கை பூலோ குடியிருப்பை அறியாதார் இல்லை. 1930ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்விடத்தில் நோயாளிகளுக்கெனத் தனிப் பணத்தாள்கூட அச்சிட்டுப் புழங்கவிட்டார்கள். வெளியார் கை அதில் படக்கூடாது என்ற அச்சம். இன்று அங்கே பூச்செடி வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தத் தோட்டங்களை யார் தொடங்கினார்கள் என்று எண்ணிப் பார்க்கிறார்கள்?

ஆனால் ஹான்சனின் கதை அத்தோடு முடியவில்லை. கிருமி ஒட்டும் என்பதை மெய்ப்பிக்கும் ஆவலில், 1879இல், ஒரு பெண் நோயாளியின் கண்ணில் அவர் இசைவு பெறாமலே நோய்ப்பொருளைச் செலுத்தினார். அப்பெண் வாய்மூடி இருக்கவில்லை. வழக்கு நடந்தது, 1880இல் ஹான்சன் மருத்துவமனைப் பதவியை இழந்தார். நோயாளிகளுக்கு மானம் மீட்டுத் தந்த பெயர், ஒரு நோயாளியின் கண்ணில் இசைவின்றிக் கைவைத்தவரின் பெயர்! அதற்காக அப்பெயரை விலக்க வேண்டும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதைக் கேட்டுப் பெற்றவர்கள் நோயாளிகள். நமக்குத் தமிழில் தொழுநோய் என்ற சொல் போதுமானதாக இருக்கிறது. வேறு சில பெயர்கள் விலக்கப்பட்டே விட்டன. நாஜி ஆட்சியில் வதைமுகாம் சோதனைகளோடு தொடர்புடைய ஹான்ஸ் ரைட்டரின் பெயரிலிருந்த மூட்டு நோயை இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் வேறு பெயரால்தான் குறிக்கிறார்கள். அது சரியே.

மனிதர் பெயர் போதாதென்று ஊர்ப் பெயரும் நோய்க்குப் போகிறது. இதில் நம் நாட்டுக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியது. ‘ஜே.இ.’ என்றார்கள்; ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்பதன் சுருக்கம். கொசுவால் பரவுவது அது. ஆகவே கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். ஜே.இ. பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவது. இங்கோ, பன்றிகளோடு நெருங்கி வேலை செய்த வளர்ந்த ஆண்கள் சாய்ந்தார்கள். அந்த இரண்டு எழுத்துகள் சரியானவைதாமா என்று ஐயுற்றவர்களில் ஒருவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங். 1999 மார்ச் மாதத்தில் அது முற்றிலும் புதிய கிருமி என்று தெரிந்தது. நாட்டில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பெயர் தவறியதால் சிகிச்சையும் தடுப்பும் திசைமாறிப் போன அந்த மாதங்களை நெகிரி செம்பிலான் மக்கள் இன்றும் மறக்கவில்லை.

புதிய கிருமிக்கு, நோயாளி ஒருவர் வாழ்ந்த கம்போங் சுங்கை நீப்பாவின் பெயரை இட்டார்கள். நீப்பா என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைப் பனை. அதன் ஓலையால் கூரை வேய்ந்தார்கள். அதன் இளங்கொட்டைதான் ஐஸ் கச்சாங்கில் நாம் தேடித் தின்னும் ‘அத்தாப் சீ’. 2018இல் கேரளத்தில் அந்நோய் தோன்றியபோது தமிழ்நாட்டு நாளேடுகள் ‘நிபா’ என்று எழுதின. அதைப் படித்தவர்களுக்கு அது ஒரு மரத்தின் பெயர் என்றோ, மலேசியாவில் ஒரு கிராமத்தின் பெயர் என்றோ தோன்றியிருக்க வழியில்லை. அக்கிராமத்தாருக்கு அது தங்கள் முகவரி. எபோலா ஓர் ஆறு; சீக்கா உகாண்டாவில் ஒரு காடு. இந்தத் தொல்லைகளையெல்லாம் கண்டபின், 2015ஆம் ஆண்டில், உலகச் சுகாதார நிறுவனம் புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயர், ஆள்பெயர், விலங்கின் பெயர், தொழிலின் பெயர் எதுவும் வைக்க வேண்டா என்று அறிவுறுத்தியது. 2020இல் வந்த பெருந்தொற்றுக்குக் ‘கோவிட்-19’ என்று ஊரற்ற, ஆளற்ற பெயர் கிடைத்தது அதனால்தான்.

இத்தனையும் எழுதத் தூண்டியது ஒரு தாய் கேட்ட கேள்வி. அவருடைய மகன் எங்கள் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். எல்லாரிடமும் கைகுலுக்குவான், சபைகூடலில் நாட்டுப்பண்ணை எவரையும்விட உரக்கப் பாடுவான். அத்தாய் ஒருநாள், வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி வந்தார். “சார், ‘டவுன்’னா கீழேன்னுதானே அர்த்தம்? என் மாமியார் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. மத்த பிள்ளைங்களுக்குக் கீழேன்னுதான் ஆஸ்பத்திரியிலேயே பேர் வெச்சிருக்காங்களாம்.”

அம்மையார் சொன்னதில் மொழியறிவுக் குறை ஒன்றுமில்லை. நாம் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொல்லாகவே அவர் அதைக் கேட்டிருக்கிறார். ஆனால் அது ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவரின் குடும்பப் பெயர். 1866ஆம் ஆண்டில், இந்தக் குழந்தைகளிடம் காணும் பொதுக்கூறுகளை முதலில் தெளிவாக எழுதியவர் அவர். அவர் வைத்த பெயர் வேறு. முகச்சாயலைக் கொண்டு ‘மங்கோலியர்’ வகை என்று குறித்தார். அக்காலத்து இனவாதம் அதில் இருக்கிறது. அதே கட்டுரையில், எந்த இனத்துக் குழந்தையிலும் இச்சாயல் வரக்கூடுமென்றால் மனித இனம் ஒன்றே என்று அவர் வாதிட்டதும் இருக்கிறது. நூறு ஆண்டு அந்தச் சொல் நீடித்தது. 1961இல் மரபியல் அறிஞர் பலர் ‘லான்செட்’ இதழில் அதைக் கைவிடுமாறு எழுதினார்கள். மங்கோலிய நாடும் முறையிட்டது. 1965இல் உலகச் சுகாதார நிறுவனம் அச்சொல்லை நீக்கியது. 1905ஆம் ஆண்டில் டவுனின் சொந்தப் பேரன் ஒருவர் இதே நிலையோடு பிறந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அப்போது டவுன் உயிரோடு இல்லை.

இதற்குக் காரணம் 1959ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று: 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது. மார்ச் 21ஆம் நாளை உலக நாளாகக் கொண்டாடுவதும் அதனால்தான். கண்டுபிடிப்புப் புகழ் பெரும்பாலும் பாரிஸ் அறிஞர் லெழென் பக்கம் போயிற்று. உயிரணுக்களை வளர்த்துக் கொடுத்த மார்த்த கோத்தியே என்ற பெண் மருத்துவரின் பெயர் அந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழையோடு அச்சாகியிருந்தது. மாணவர் பெயரைப் பதிவேட்டில் பிழையாக எழுதினால் பெற்றோர் எப்படிச் சண்டைக்கு வருவார்கள் என்று அறிந்தவனுக்கு அது மிகவும் உறைக்கிறது.

தமிழில் என்ன செய்யலாம்? 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவம் கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்று நூல்களைத் தமிழில் கொண்டு வந்தார். அந்தத் துணிவு நமக்கும் வேண்டும். ‘மும்மை 21’ என்று சிலர் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் கீழும் இல்லை, மேலும் இல்லை. ஆயினும் மருத்துவமனைத் தாளிலும் ஓ.கே.யூ. அட்டைக்கான விண்ணப்பத்திலும் இருக்கும் பெயரை அத்தாய் அறிந்தே ஆகவேண்டும். அவர் கேட்டதும் மாற்றுப் பெயரையன்று.

“மாமியாருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், சார். நீங்க எழுதிக் கொடுத்தா நம்புவாங்க” என்றார். குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்: “டவுன் என்பது இந்நிலையைப் பற்றி 1866ஆம் ஆண்டில் எழுதிய மருத்துவரின் பெயர். கீழ் என்பது அதன் பொருளன்று. உங்கள் பேரனின் உடலில் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது.” அவர் வாங்கி இருமுறை படித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

“கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க, சார். அவங்களுக்குக் கண் சரியாத் தெரியாது.”

இன்னொரு தாளில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுதுவதுபோல், வரிக்கு நான்கு சொல்லாக எழுதிக் கொடுத்தேன்.